மூச்சை விடலாம்

எக்ஸ்ரே அறையில் எனக்கு ஒரே சட்டம்:
நெஞ்சு நடுவில்.
இரண்டு தோளும் உள்ளே அடங்க வேண்டும்.
ஓரத்தில் ஈய எழுத்து, இடமா வலமா என்று.
தாடையைத் தூக்குங்க, மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க.
வங்காளத்திலிருந்து வருகிறவர்களுக்கு
ஷாஸ் நின், தோரே ராகுன்.
சித்தூர்க்காரர்களுக்கு ஊப்பிரி பிகபட்டண்டி.
பதினாறு வருடத்தில் நான்கு மொழியில்
மூச்சைப் பிடிக்கவைக்கக் கற்றிருக்கிறேன்.
எலும்பு வெள்ளையாக விழும்.
காற்று கறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இளம்பரிதி சொன்னான்,
என்னைவிடப் பதினொரு வயது சின்னவன்,
சத்துவாச்சாரியில் கல்யாண ஆல்பம் போடுகிறவன்:
"எப்சிபா அக்கா, நடு என்பது சோம்பேறிகளின் இடம்."

திரையில் குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு.
வெட்டிக்கொள்ளும் நான்கு புள்ளியில் ஏதாவது ஒன்றில்
உயிரை வை.
வானத்தைப் பாதியில் அறுக்காதே.
பார்க்கிற பக்கம் இடம் விடு,
பார்வைக்கும் கால் நீட்ட வேண்டுமே.
கையை மூட்டில் வெட்டாதே, மணிக்கட்டில் கூடாது,
முழங்காலில் கூடவே கூடாது.
சிரித்துவிட்டேன்.
வாரம் முழுக்க மூட்டை மட்டும்
எடுத்துக்கொண்டிருப்பவள் நான்.

ஆனாலும் கேட்டேன், ஆறு மாதம்.
கோட்டை அகழியில் நீர்க்கோழி, இடது கீழ்ப்புள்ளியில்.
மரமில்லாத மலை, கீழ் மூன்றில் ஒரு பங்கு.
காட்பாடித் தண்டவாளம் மூலையிலிருந்து புறப்பட்டது.
நீர்க்கோழிக்கு இரண்டாம் பரிசு, ஒரு ஃபிளாஸ்க்.
வீட்டில் தட்டில் சட்னியை ஓரமாக வைத்தேன்.
சோஃபாவின் நடுவில் உட்கார்ந்திருந்த கிருபாகரனைக்
கொஞ்சம் வலதுபக்கம் நகரச் சொன்னேன்.
நகர்ந்தார். ஏன் என்று மறுநாள்தான் கேட்டார்.

கார்த்திகையில் பாலாறு வந்தது.
ஓடியது என்று எங்கள் ஊரில் சொல்வதில்லை,
வந்தது என்போம்,
வெளியூரில் இருக்கும் மச்சான் வருவதுபோல.
மணலுக்கும் சீமைக்கருவேலத்துக்கும் மேலே
செம்மண் நிறத்தில், குப்பையோடு, சத்தத்தோடு.
ஊரே பாலத்தில்.
செருப்பு ஆற்றில் விழுந்துவிடுமென்று
கையில் பிடித்திருந்த ஒருவர்.
ஊதல் வாயில் இருக்க
ஊத மறந்த போலீஸ்காரர்.
ரோஜா ஒட்டிய கல்யாணக் கார் நின்று
மாப்பிள்ளையும் இறங்கிவிட்டார்.
எல்லா செல்போனும் தண்ணீரைப் பார்த்து நீண்டன.

நான் எதிர்ப்பக்க நடைமேடைக்குப் போனேன்.
கோடுகளைத் திரையிலிருந்து அணைக்கவில்லை,
தெரிந்தே செய்ய வேண்டும் என்றிருந்தது.
ஆட்களை இடது விளிம்பில் நெருக்கினேன்.
பக்கவாட்டு முகங்கள்,
மூக்கு போய்ச் சட்டத்தில் இடிக்கும்படி.
போலீஸ்காரரின் தலை தொப்பியோடு மேலே போயிற்று.
செருப்புக்காரரின் கையை மணிக்கட்டில், சரியாக மணிக்கட்டில்,
வெட்டினேன்.
மீதி இரண்டு பங்கும் ஈரத் தார்ரோடு,
ஸ்டாண்ட் போட்ட ஒரு டிவிஎஸ் ஐம்பது,
அதுவும் நட்டநடுவில்.
ஆறு வெளியே.
முழங்கையை விலாவில் ஒட்டி மூச்சைப் பிடித்து
அழுத்த வேண்டும் என்பது கடைசிச் சட்டம்.
மூச்சை விட்டுக்கொண்டே அழுத்தினேன்.
படம் லேசாக நடுங்கிற்று.

அடுத்த ஞாயிறு இளம்பரிதி
பெரிதாக்கிப் பார்த்தான், சிறிதாக்கிப் பார்த்தான்.
சாய்ந்த பாலத்தை நிமிர்த்த விரல் போய்த் திரும்பிற்று.
"தண்ணி எங்கக்கா?"
நான் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றினேன்.
அவன் கழுத்தை இடதுபக்கம் வளைத்து
திரையின் விளிம்புக்கு அப்பால்
எட்டிப் பார்த்தான்.
பிறகு அவனே வெட்கப்பட்டு,
"ஃபோகஸும் சரியில்ல" என்றான்.
சரிதான். இல்லைதான்.

திங்கள் காலை முதல் ஆள், ஆம்பூர்,
தோல் கம்பெனியில் வேலை, மூன்று வார இருமல்.
நெஞ்சு நடுவில்.
அங்கே நான் எதையும் மீறுவதில்லை.
இழுங்க, பிடிங்க என்றேன்.
பிடித்தார்.
விடலாம் என்று சொல்ல
ஒரு நொடி தாமதமாகிவிட்டது.