முழங்கால் உயரம்

நாற்பது ஆண்டுகளாய்
நின்றபடியே அளந்து பழகியவன் நான்.
சமையல்மேடை முப்பத்தாறு அங்குலம்,
கதவுக் குமிழும் ஏறக்குறைய அதே.
சாவு வீட்டில்கூட
பெட்டியை எந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்று
கண் தானாய்க் கணக்குப் போடும்.

டெல்ஃபீன் கொடுத்த தாளில் வேறு எண்கள்.
கழுவுதொட்டி இருபத்திரண்டு.
கழிப்பறை இருக்கை பத்தரை.
கோட்டு மாட்டும் கொக்கி
என் இடுப்புக்கும் கீழே.
மண்டியிட்டேன்.
மூட்டு இரண்டும் முறையிட்டன.

கர்லிங் அரங்கின் பக்கத்து அறை இது.
சஸ்காச்சவனின் ஐம்பது பனிக்காலம்
உறைந்த தரையில் கல் வழுக்கிப் போவதைக்
கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு
ஆண்கள் பியர் குடித்த இடம்.
தரையைப் பெயர்த்தபோது கிடைத்தவை
பாட்டில் மூடிகள், ஒரு பொய்ப்பல்,
எழுபத்தொன்பதாம் ஆண்டின் ஆட்டக்கணக்கு.

இந்த அறைக்காக ஊர் இரண்டுபட்டது.
ஊர் என்றால் என்ன பெரிய ஊர்,
அறுநூற்றுப் பதினோரு பேர்,
ஒரு தானியக் கோபுரம்,
பாதி நேரம் பூட்டிக்கிடக்கும் மருத்துவமனை.
"எங்கள் பிள்ளைகளை நாங்களே வளர்க்கவில்லையா?"
என்றார் ஹ்னாத்யுக்.
அவருடைய ஐந்தையும் வளர்த்த மனைவி
பின்வரிசையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள்.
ஊற்றுவதை நிறுத்தவில்லை.
தலையை மட்டும் நிமிர்த்தினாள்.

அப்புறம் லிகாயா எழுந்தாள்.
செபுவிலிருந்து வந்த நர்ஸ்.
உரக்கப் பேச வராது அவளுக்கு.
"பிப்ரவரியில் மூன்று சனிக்கிழமை
அவசரப் பிரிவு மூடியிருந்ததே,
மருந்து இல்லாமல் இல்லை.
என் மகனை விட்டுவர ஓர் இடம் இல்லாமல்."
அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றில்தான்
ஹ்னாத்யுக்கின் தம்பியைப் பனிப்புயலுக்குள்
தொண்ணூறு கிலோமீட்டர் கொண்டுபோனோம்.
வண்டி ஓட்டியவன் நான்.
பிழைத்துக்கொண்டார்.
இடது கை மட்டும் இன்னும் சொன்ன பேச்சு கேட்பதில்லை.
வாக்கெடுப்பில் அவருடைய வலது கை எழுந்தது,
அண்ணனைப் பார்க்காமல்.

பன்னிரண்டு இடம்.
பட்டியலில் பத்தொன்பது பெயர்.
அதில் ஒன்று இன்னும் பெயரே ஆகவில்லை,
'குழந்தை, மார்ச்' என்றிருந்தது.
கொக்கி பன்னிரண்டுதான் அடித்தேன்.
பலகையை மட்டும் அறுக்காமல் நீளமாய் விட்டேன்.

செப்டம்பரில் திறந்தார்கள்.
நவம்பரில் டெல்ஃபீன் கூப்பிட்டாள்:
கதவு விரலை நசுக்கப் பார்க்கிறது.
போனபோது மதியத் தூக்கம்.
இரண்டு மெத்தைக்கு நடுவே உட்கார்ந்து
இரண்டு முதுகில் இரண்டு கை வைத்திருந்தாள்.
யார் பசித்தால் கடிப்பான்,
யாருடைய மௌனம் காதுவலி,
யாருக்கு அப்பா சுரங்க ஷிப்டிலிருந்து திரும்பும் நாள்,
எல்லாம் அவளுக்குத் தெரியும்.

கதவுக்கு ஒரு மணி நேரம்.
என் கூலி ஐம்பத்தைந்து டாலர்.
தன்னுடையது பதினெட்டு என்றாள்,
குறையாய் அல்ல,
ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே.
பொட்டாஷ் சுரங்கத்தில் லாரி கழுவ
முப்பத்தொன்று தருகிறார்களாம்.
மனுப் போட்டிருக்கிறாளாம்.
நான் காசை வாங்கிக்கொண்டேன்.
வாங்கியதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அடுத்த கூட்டத்துக்கு
ஒரே ஒரு பொருள் கொடுத்திருக்கிறேன்:
டெல்ஃபீனின் சம்பளம்.
ஹ்னாத்யுக் வழிமொழிவாரா, தெரியாது.
காப்பி ஊற்றுபவளிடம் கேட்க வேண்டும்.

சொல்ல மறந்தேன்.
கீலைத் திருகத் தரையில் படுத்திருந்தபோது
லிகாயாவின் மகன் எழுந்து வந்து
என் பக்கத்தில் மல்லாந்து படுத்தான்.
மேசையின் அடிப்பக்கத்தைக் காட்டினான்.
நான் பென்சிலால் கிறுக்கி
அழிக்க மறந்த அளவு.
நின்று வாழ்கிறவர் யாரும் பார்க்காத இடம்.
"என்னது?"
"இருபது" என்றேன்.
எண்ணத் தொடங்கினான்.
பதினொன்றை விட்டுவிட்டான்.
பதினான்கு இரண்டு முறை வந்தது.
வாயைத் திறந்தேன்.
டெல்ஃபீன் தூரத்திலிருந்தே கையசைத்தாள்,
விடு என்று.
இருபது வந்தது.
நிற்கவில்லை அவன்.