ஒற்றை விரல்

நல்ல மடிக்கணினி
ஒற்றை விரலுக்குத் திறக்கும்.
மலிவானது திறக்காது.
மூடியைத் தூக்கினால் உடலும் கூடவே எழும்,
எழுப்பினால் போர்வையோடு எழுந்து வரும் பிள்ளை மாதிரி.
ஒரு கை தூக்க, ஒரு கை அமுக்க,
இரண்டு கை வேண்டும் அதற்கு.

பிஷ்கெக் நகரில், மூன்றாம் தளத்தில்,
எஸ்கலேட்டர் முடியும் இடத்தில்
ஏழு வருடமாக இதைத்தான் செய்து காட்டுகிறேன்.
விரலை வைப்பேன்.
மூடி சத்தமில்லாமல் எழும்,
பார்ப்பவர் புருவமும் எழும்.
அது இறங்குவதற்குள் விலையைச் சொல்லிவிட வேண்டும்.

நூர்ஸாத் வந்தது ஜனவரியில் ஒரு செவ்வாய்.
நிலக்கரிப் புகையில்
எதிர்க் கட்டிடம் காணாமல் போயிருந்த மதியம்.
இடது கையில் குழந்தை, ஒன்பது மாதம்,
கம்பளித் தொப்பிக்குள் தூக்கம்.
மூன்று தையல் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுகிறாளாம்.
இரவில்தான். இவன் உறங்கிய பிறகு.
உறங்கினால்.

முதலில் நல்லதைக் காட்டினேன்.
லட்சத்துப் பதினெட்டாயிரம் சோம்.
குதிரை விலை என்றாள்.
பொய்யில்லை.
போன ஞாயிறு சந்தையில்
என் மைத்துனன் ஒரு குதிரையை அந்த விலைக்குத்தான் விற்றான்.

திரையைத் திருப்பினேன், பனி வெளிச்சம்.
பதினெட்டு மணி நேரம் பேட்டரி என்றேன்,
உங்கள் தெருவில் மின்சாரம் போனாலும்.
"போகும்" என்றாள்.
பிறகு கேட்டாள்:
"இதில் கூட்டினால் தொகை மாறி வருமா?"

பக்கத்தில் மற்றது.
முப்பத்தோராயிரம்.
சாம்பல் பிளாஸ்டிக், தட்டினால் டப்பாச் சத்தம்.
இரண்டு வருடத்தில் கீல் விடும், அக்கா,
மலிவை வாங்குகிறவர் இருமுறை வாங்குகிறார் என்றேன்.
(என் வீட்டில் இருப்பதும் இதே மாடல்.
கீலில் பிளாஸ்டர் சுற்றி வைத்திருக்கிறேன்.
அதைச் சொல்லவில்லை.
விலை உயர்ந்ததற்குத்தான் கமிஷன் மூன்று சதவீதம்.
அதையும் சொல்லவில்லை.)

அவள் வலது கை விரலை மூடியில் வைத்தாள்.
உடலும் சேர்ந்து எழுந்தது,
வழுக்கியது,
கண்ணாடி மேசையின் ஓரம் வரை போனது.
குழந்தை ஒரு கண்ணைத் திறந்து மூடியது.

அமுக்கிப் பிடிக்க நான் கையை நீட்டினேன்.
"எடுங்கள்" என்றாள்.
"ராத்திரி இரண்டு மணிக்கு
நீங்கள் என் சமையலறையில் இருக்க மாட்டீர்கள்."

இதுதான் சமயம் என்று
மறுபடியும் நல்லதைத் திறந்து காட்டினேன்.
ஒற்றை விரல்.
அவளுக்கென்றே செய்தது போல.
இருப்பதே ஒரு கைதானே அவளிடம்.

அவளும் பார்த்தாள்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
ஆசைதான், ஏன் இருக்காது.
தோளில் தொங்கிய பையை அவிழ்த்தாள்.
இருநூறும் ஐந்நூறுமாய் நோட்டுக் கட்டுகள்,
பட்டறைக் கூலி மாதிரியே கசங்கியவை.
ஒரு குதிரைக்குப் போதும்.
ஒவ்வொரு கட்டையும் ரப்பர் போட்டுப் பிரித்திருந்தாள்.
துண்டுச் சீட்டுகளில் பென்சிலால்:
வாடகை. கரி. மே வரைக்கும்.
ஒரு சீட்டில் வெறும் கேள்விக்குறி.

கேள்விக்குறியிலிருந்து முப்பத்தோராயிரம் எண்ணி வைத்தாள்.
பையை மூடினாள்.
அதைத் தூக்கி
மலிவுக் கணினியின் விளிம்பில் வைத்தாள்.
விரலை வைத்தாள்.

திறந்தது.
உடல் அசையவில்லை.

பெட்டி கட்டும்போது
கிர்கிஸ் எழுத்து மூன்றும் விசைப்பலகையில் இல்லை என்று கண்டுபிடித்து,
ஸ்டிக்கர் இலவசமாக வேண்டும் என்றாள்.
ஒட்டிக் கொடுத்தேன்.
ஒன்று சற்றுக் கோணலாகப் போயிற்று.
எஸ்கலேட்டரில் இறங்கும்போது
பெட்டி வலது கையில், பிள்ளை இடது கையில்,
பை பல்லில்.

கடை மூடும் நேரம்.
விளக்குகளைப் பாதி அணைத்தாகிவிட்டது.
யாரும் பார்க்காதபோது
என் பர்ஸை எடுத்து
காட்சிக்கு வைத்த சாம்பல் நிறத்தானின் விளிம்பில் வைத்தேன்.
விரலால் தூக்கினேன்.

மூடி எழுந்தது,
உடல் எழுந்தது,
பர்ஸும் எழுந்தது.