வெட்டுக்காது

ஆண்டுக்கு ஒருநாள் எங்கள் ஊர் மறுபடி பிறக்கிறது.
சந்தைச் சதுக்கத்தில் லெயோதாமஸின் கல்லறைமேல்
மதுவை ஊற்றுகிறார்கள். ஈக்கள் மொய்க்கின்றன.
பாடகன் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்குகிறான்
எங்கள் தலபுராணத்தை:

தீவில் ஏழாண்டு மழையில்லை.
வீட்டுக்கு ஒரு மகன் என்று குடத்துக்குள் கைவிட்டார்கள்.
கறுப்பு அவரை வந்தவன் கப்பலேறினான்.
தெல்ஃபியில் புகைக்குள்ளிருந்து தெய்வம் சொன்னது:
'உப்பின் விளிம்பில் உப்பில்லாத நீரைக்
கொம்புள்ள ஒருத்தி காட்டுவாள்.
அவள் குனியும் இடத்தில் குடியேறு.'

மூன்று கப்பல்கள். ஒன்று வழியிலேயே போனது.
இருண்ட கடலின் மேலைக்கரையில்
நாக்குத் தடித்து இறங்கினார்கள், அறுபது பேர்.
அந்திநேரம்.
மேட்டிலிருந்து ஒரு வெள்ளாடு
தன்னந்தனியே இறங்கி வந்தது.
பின்னால் போனார்கள்.
நாணலுக்குள் அது குனிந்தது.

இங்கே பாடகன் நிறுத்துவான்.
எத்தனை முறை கேட்டாலும் சிலர் அழுவார்கள்.
நானும் அழுதிருக்கிறேன், ஒன்பது வயதில்.
பக்கத்தில் நின்ற அம்மா
என் விரல்கள் நோக இறுக்கிப் பிடித்திருந்தாள்.
பக்தி என்று நினைத்தேன்.

அம்மா பெயர் ஸியா. மேட்டுக்காரி.
எங்களிடம் கிரேக்கம்தான் பேசுவாள்.
நெருப்புச் சுட்டால் மட்டும்
வேறு மொழியில் கத்துவாள்.

சாகப்போகிற வருடம், நல்ல நினைவோடு,
வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்:
'அது எங்கள் ஆடு.
மடி கனத்துப்போய் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.
சுனைக்கு அந்தப்புறம் எங்கள் பட்டி.
கறக்கிற நேரம். நான்தான் கூப்பிட்டேன்,
கெலூ... கெலூ... என்று.
பின்னால் ஆட்கள் வந்தது தெரியவில்லை.
வெயில் கண்ணுக்கு நேரே இருந்தது.'

அன்றிரவே அதைப் பலி கொடுத்தார்கள்.
தெய்வம் அனுப்பியதைத் தெய்வத்துக்கே
திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம்.
யாரும் கறக்கவில்லை.
கல்லில் ரத்தத்தோடு பாலும் வழிந்ததாம்.
நல்ல சகுனம் என்றார்களாம்.

'பட்டி என்ன ஆயிற்று? உன் அப்பா, அண்ணன்மார்?'
உரித்த வெங்காயத்தைப் பார்த்தாள்.
இன்னொன்றை எடுத்தாள்.

எங்கள் ஊரின் பெயர் கெலூசா.
வில்லேந்திய தெய்வம் விரும்பித் துரத்திய
நீரணங்கின் பெயர் அது என்பார்கள்.
கோயிலில் அவளுக்குப் பளிங்குச் சிலை உண்டு,
மூக்கு வெகு அழகு.
துறைமுகத்தில் மாலுமிகள் அந்தப் பெயரைக் கத்தும்போதெல்லாம்
அடுப்படியில் அம்மா கையை நிறுத்தி
வாசலைப் பார்ப்பாள்.
ஒரு ஊரே நின்று
ஓர் ஆட்டைக் கறக்கக் கூப்பிடுகிறது,
அறுபது ஆண்டாக.

போன மாதம் மன்றத்திலிருந்து ஓர் எழுத்தன் வந்தான்.
முதல் கப்பல்களின் வாரிசுகளைப் பட்டியலெடுக்கிறானாம்;
விழாவில் முன்வரிசை இனி அவர்களுக்கு மட்டும்தானாம்.
'தந்தைவழி சரி. தாய்வழி எந்தக் கப்பல்?'
'கப்பல் இல்லை' என்றேன். 'ஆட்டுவழி.'
மெழுகுப் பலகையில் எதையோ கீறினான்.
சிரிக்கவில்லை.

எங்கள் வெள்ளிக்காசில் அந்த ஆடுதான் நிற்கிறது.
அச்சு வெட்டியவன் யாரோ
கோயிலில் தொங்கும் பழைய தோலைப் பார்த்து
மயிர் பிசகாமல் வெட்டியிருக்கிறான்.
வலது காதில் ஒரு சின்னப் பிளவு.
பிறைநிலா என்கிறார் பூசாரி,
அதற்கும் ஒரு கதை வைத்திருக்கிறார்.
பட்டிக்கு ஒரு வெட்டு உண்டு மேட்டில்.
அது என் தாத்தா சூட்டுக்கத்தியால் போட்டது.

இன்று விழா முடிந்து மீன் வாங்கினேன்.
காசைக் கொடுத்தேன்.
மீன்காரன் அதைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துப் பார்த்தான்.
நல்ல வெள்ளி என்றான்.