வெட்டுக்குறி

கூடல்நகர் கூட்ஸ் ஷெட்டில்
அரிசி ஏறிய கடைசி வேகனுக்கு
சீல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது
ஏலம் முடிய நாலு நிமிஷம்.

சதுரச் செம்பு. ஒரு பக்கம் யானை,
மறுபக்கம் கோட்டால் இழுத்த மீன்.
'வைகை மணலில் கிடைத்தது' என்பதோடு
நிறுத்திக்கொண்டிருந்தான் விற்பவன்.
அதிகம் பேசாதவனை நம்பிவிடுகிறோம்.

எனக்கெதிரே ஒருவன்.
பெயர் இல்லை, மூன்று நட்சத்திரமும் ஓர் ஏழும்.
நான் நாலாயிரம் என்றால் நாலாயிரத்து இருநூறு,
ஐயாயிரம் என்றால் அதற்கு மேல் இருநூறு,
மூச்சு விடாமல் பின்னாலேயே வந்தான்.
பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு
ஆறாயிரத்து நானூறில் அவனைச் சாய்த்தேன்.
ஜெயித்ததற்கு ஒரு டீ குடிக்கலாமென்றால்
அந்நேரம் கடை இல்லை.

எவ்வளவு, என்று கேட்டாள் எஸ்தர்.
அறுநூற்று நாற்பது என்றேன்.
ஒரே ஒரு சைபரைத்தான் சுரண்டினேன்.

பார்சலைப் பிரித்தால்
பச்சை படிந்து, ஓரம் மழுங்கி, அழகாகவே இருந்தது.
மோந்து பார்த்ததுதான் தப்பு.
இரண்டாயிரம் வருஷ மண்ணில்
புளி வாடை எதற்கு?

தெற்காவணி மூல வீதியில்
கேரட் மீட்டர் வைத்திருக்கும் கோவர்த்தனன்
யாருடைய வளையலையோ எடுத்துவிட்டு
என் மீனை உள்ளே வைத்து மூடினான்.
செம்பு அறுபத்திரண்டு. துத்தநாகம் முப்பத்தைந்து.
"அண்ணே, இது குத்துவிளக்குக்கு ஊத்துற பித்தளை.
ஓரத்தப் பாருங்க, அச்சு சேந்த கோடு.
அரம் போட்டுத் தேச்சிருக்கான், அவசரத்துல."
ஐம்பது ரூபாயை வாங்க மாட்டேனென்றான்.
அது கூடுதலாக வலித்தது.

அன்றிரவு தேடினேன்.
அதே யானை மூன்று ஏலங்களில் நின்றது.
மூன்றுக்கும் துதிக்கைக்குக் கீழே அதே கீறல்,
மீன் வாலில் அதே சின்னக் குழி.
எங்கோ ஓர் அசல் காசின் மேல்
எப்போதோ விழுந்த மண்வெட்டிக் காயம்
மச்சம்போல எல்லாப் பிள்ளைக்கும் இறங்கியிருந்தது.
மூன்றிலும் விலையை ஏற்றிக்கொண்டிருந்தது
மூன்று நட்சத்திரமும் ஓர் ஏழும்.

அந்த ராத்திரி நான் சாய்த்தது
விற்றவனைத்தான்.

புகாருக்குப் பதில் மரியாதையாக வந்தது:
பொருளை வந்த நிலையிலேயே திருப்பி அனுப்பவும்.
சேதமிருந்தால் பணம் கிடையாது.
முகவரி பார்த்தேன். மதுரைதான்,
ஆற்றுக்கு அந்தக் கரை.
ஓசூர் கிடங்குவரை போய்ச் சுற்றிக்கொண்டு
ஏழு நாளில் பாலம் தாண்டியிருக்கிறது மீன்.

பெட்டியில் வைத்து டேப் ஒட்டினேன்.
அனுப்பினால் பணம் எனக்கு.
காசு அவனுக்கு.
அடுத்த வாரம் சேலத்திலோ காரைக்குடியிலோ
நைட் டூட்டியில் ஒருத்தி
நாலு நிமிஷம் மிச்சமிருக்கையில்
வந்து உட்காருவாள்.

நாணயம் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்பதை
இங்கே எடுத்து நீட்டப் போவதில்லை.
பலர் கைபட்டு எழுத்தே தேய்ந்துவிட்டது அது.
தவிர, என் அறுநூற்று நாற்பது
வீட்டில் இன்னும் செலாவணியில் இருக்கிறது.

வண்ணக்கன் என்றொரு வேலை இருந்ததாம் முன்பு.
காசைப் பார்த்து நல்லது கெட்டது சொல்பவன்.
அவன் கையில் என்ன வைத்திருந்தானோ.
எனக்கு ஷெட்டில் கம்பி வெட்டும் உளி இருக்கிறது.

டேப்பைக் கிழித்தேன்.
தண்டவாளத் துண்டின் மேல் யானையைக் கிடத்தி
வயிற்றில் ஒரே அடி.
பிளந்த இடம் மஞ்சள்,
கடையில் தொங்கும் புதுமணியின் மஞ்சள்.
ஆறாயிரத்து நானூறு
சத்தமே இல்லாமல் போயிற்று.

காலையில் எஸ்தரிடம் சொன்னேன், போலியாம்.
"போனாப் போகுது,
அறுநூத்தி நாப்பதுதானே" என்றாள்.
ஆமாம் என்றேன்.
சோற்றில் குழி பறித்தேன்.
ரசம் ஊற்றினாள்.
புளி வாடை.