ஒப்புநோக்கல்

முப்பத்தொரு வருடம்
அச்சகத்தில் பிழை பார்த்தவள் நான்.
ரகரத்துக்கும் காலுக்கும் நடுவில்
தேய்ந்தவை இந்தக் கண்கள்.
நாரஹேன்பிட்டவில் நாலு தரம் வரிசையில் நின்று
சேமலாப நிதி கைக்கு வந்த கிழமையே
எப்படித்தான் மோப்பம் பிடித்தார்களோ,
தொலைபேசியில் ஒரு பிள்ளை:
"அன்ரி, பம்பலப்பிட்டியில ஒரு சின்னக் கூட்டம்,
மத்தியானச் சாப்பாடும் இருக்கு."

போனேன்.
குளிரூட்டிய மண்டபம். மீன் ரோல்ஸ் நல்ல சூடு.
கோட்டுப் போட்ட தம்பி ஹர்ஷன்
மேடையில் நின்று முழங்கவில்லை,
எங்கள் மேசைக்கே கதிரையை இழுத்துவந்து
என் முழங்கால் வலியை விசாரித்தான்.
என் முப்பத்தெட்டு இலட்சத்தை
அவனது கல்குலேட்டர் விழுங்கி
மாதம் எழுபத்தாறாயிரம் என்று ஏப்பம் விட்டது.
சும்மா சொல்லக்கூடாது, எனக்கு வாயூறியது.
கண்ணுக்கு வில்லை,
குளியலறைக் கூரை,
யாரையும் கேளாமல் ஓட்டோ பிடித்து
காலிமுகத்திடலில் ஒரு இஸ்ஸோ வடை.
எல்லாம் அந்த எழுபத்தாறுக்குள் அடங்கிற்று.

"இண்டைக்கு வைச்சாத்தான் இந்த வீதம்,
நாளைக்கு என்ர கையில இல்ல."
பக்கத்தில் புத்தகம் கட்டும் பகுதி அமிர்தநாதர்
பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

பழக்கதோஷம்.
வழுவழுத்த பிரசுரத்தை மடியில் விரித்தேன்.
மூன்று மொழியும் இருந்தது.
தமிழில் ஒரு ஒற்றுப் பிழைகூட இல்லை.
அதுதான் முதலில் உறுத்தியது:
பஸ் பலகையிலேயே எங்கள் மொழி
கால் ஒடிந்து கிடக்கும் ஊரில்
இத்தனை கரிசனையாய் எழுதுவது யார்?

வரிக்கு வரி விரல் வைத்தேன்.
தமிழில்: உத்தரவாதமளிக்கப்பட்ட இருபத்துநான்கு வீதம்.
சிங்களத்தில்: எதிர்பார்க்கப்படும்.
ஆங்கிலத்தில்: கிடைக்கக்கூடும்,
அதன் தலையில் ஒரு நட்சத்திரம்.
நட்சத்திரத்தைத் தேடி
தாளின் அடிவரை இறங்கினேன்.
எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும்:
முதலையும் இழக்க நேரிடலாம்.
பென்சிலால் ஓரத்தில் ஒரு நீக்கற்குறி போட்டேன்.

"தம்பி, மூன்றில எது மூலப்பிரதி?"
"அது சும்மா மொழிபெயர்ப்பு, அன்ரி."
"மத்திய வங்கிப் பட்டியலில
உங்கட கொம்பனி எத்தனையாம் இலக்கம்?"
தேத்தண்ணி வருகுது என்றான்.
வந்தது.
அவன் அடுத்த மேசையில் இருந்தான்,
அங்கே யாருக்கோ முழங்கால் வலி.

அமிர்தநாதரின் சட்டைக் கையைப் பிடித்தேன்.
"கடதாசிய வீட்ட கொண்டுபோய்ப் பார்ப்பம்,
நாளைக்கு வைக்கலாம்."
"எல்லாத்திலயும் பிழை பிடிக்கிறதுதானே
உன்ர தொழில், நேசமலர்."
உண்மைதான்.
அவர் வைத்த கையெழுத்து
அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் மத்திய வங்கிக்கு எடுத்தேன்.
பதினொரு நிமிடம் வாத்திய இசை,
பிறகு ஒரு பெண்குரல்:
அப்படி ஒரு பெயருக்கு அனுமதி இல்லை, அம்மா.
எழுத்தெழுத்தாய் இன்னொருமுறை சொன்னேன்.
இல்லை.
அமிர்தநாதருக்கு எடுத்தேன்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.

என் காசு இப்போது வெள்ளவத்தையில்,
எட்டு வீதத்தில்,
மாதம் இருபத்தையாயிரத்துச் சொச்சம்.
கூரை ஒழுகுகிறது.
வாளி வைத்திருக்கிறேன்.
சில இரவுகளில் அந்தச் சொட்டு
எழுபத்தாறு, எழுபத்தாறு என்று கேட்கும்.
எழும்பிப் போய்
வாளியை ஊற்றிவிட்டு வந்து படுப்பேன்.