திருத்த மேகம்

காலையிலிருந்து ஏழு மேகம் போட்டுவிட்டேன்.
வண்ணார்பேட்டையில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி.
ஜன்னலில் ஒரு துண்டு வானம்,
அதில் ஒன்றுகூட இல்லை.

என்னுடையதில் தண்ணீர் கிடையாது.
சின்னச் சின்ன வில்லாகக் கோத்துக்கொண்டு
மாறிய இடத்தைச் சுற்றி வந்து
தொடங்கிய புள்ளியில் மூடிக்கொள்ளும்.
சுற்றும் திசை தவறினால்
வில்லெல்லாம் உள்ளே மடங்கி
உடைமுள் மாதிரி நிற்கும்.
பக்கத்தில் ஒரு முக்கோணம், அதற்குள் ஓர் எழுத்து.
அட்டவணையில் ஒரு வரி:
என்ன மாறியது, என்றைக்கு, வரைந்தது யார்.
யார் என்ற கட்டத்தில் எஸ்.எஃப்.
செய்யதலி பாத்திமா அவ்வளவு இடத்துக்குள் அடங்கமாட்டாள்.

கோடகன் கால் மேல் ஒரு சிறுபாலம்,
இரண்டு கண்.
'பி'யில் கண்ணின் அகலம் கூடியது.
போன வெள்ளம் ஏறி நின்ற கோடு
கீழே கடைச் சுவரில் இன்னும் இருக்கிறது,
மார்பு உயரத்தில், பழுப்பாக.
அதைச் சுற்றி யாரும் மேகம் போடவில்லை.

'பி' போய் ஒரு வாரம்.
இன்று கான்ட்ராக்டரின் ஆள்
ஆவுடைநாயகம் சார் ஹெல்மெட்டோடு படியேறி வந்தார்.
"மேல் ஸ்லாப்ல கம்பி இடைவெளி
நூத்தி இருவத்தஞ்சை நூத்தம்பது ஆக்கிரும்மா.
டிசைன்ல பேசியாச்சு."
கடிதம் உண்டா சார்?
"வரும்."

மாற்றினேன். மூன்று இலக்கம்தானே,
மூச்சு விடும் நேரம்.
மேகத்துக்குக் கை போனது.
"அது வேண்டாம். 'பி'யாவே இருக்கட்டும்.
மேகம் கெடந்தா எல்லாரும் அங்கனதான் பாப்பாவ."

அதற்குத்தானே மேகம் என்று
நாக்கு வரை வந்தது.

கம்பி கட்டும் மதார் நினைவுக்கு வந்தார்.
தாளை மணல் மேல் விரித்து
நான்கு மூலைக்கும் ஜல்லி வைத்து
விரலை மேகத்துக்குள் மட்டும் ஓட்டுவார்.
"மத்ததெல்லாம் முந்தி பாத்ததுதாம்லா?"
ஆமாம் மதார்.
மேகம் இல்லாத இடமெல்லாம்
போன தாளில் இருந்தபடியே இருக்கிறது என்று
நான் கொடுத்திருக்கும் சொல் அது.
வெற்றிடத்தில்தான்
நிறைய சத்தியம் செய்திருக்கிறேன்.

போட்டேன். முக்கோணம், 'சி'.
அட்டவணையில்:
கம்பி இடைவெளி மாற்றம்,
திரு. ஆவுடைநாயகம் வாய்மொழிப்படி, கடிதம் நிலுவை.
பிளாட்டர் இழுத்து இழுத்துத் துப்பியது.

அவர் தன் பெயரை இரண்டு தடவை படித்தார்.
தாளை எட்டாக மடித்தார்.
மேஜையிலேயே வைத்துவிட்டு இறங்கினார்.
பாதிப் படியில் நின்று
செல்லில் யாரிடமோ, "இந்தப் புள்ள..."
மீதி ஒரு பஸ் ஹாரனில் போயிற்று.

அந்தி சாயும்போது அழைப்பு.
"பழைய நூத்தி இருவத்தஞ்சே இருக்கட்டும்மா.
'சி'யைக் கிழிச்சிருங்க."

கிழிக்க முடியாது சார்.
பழையதற்குத் திரும்புவதும் மாற்றம்தான்,
அதற்கு 'டி' வரும்.
'சி' மேகத்தை அழித்தேன், அது முறை.
முக்கோணத்தை விட்டேன், அதுவும் முறை.
எண்ணைத் திருத்தினேன்.
அதே இடம், அதே கம்பி,
எட்டாவது மேகம்.

கரண்ட் போய்விட்டது.
யூ.பி.எஸ். கத்திக்கொண்டிருக்கிறது.
சேமித்தாயிற்று.
இந்த மாதக் கணக்கை அவர் எப்போது தீர்ப்பார் என்று
தெரியவில்லை.