வந்த காரணம்

கறுவாத்தோட்டத்து வெள்ளை வீட்டில்
எனக்கு ஆறாம் இலக்க அறை.
மற்றவர்கள் பத்து மணி, பதினாறு மணி
பறந்து வந்தவர்கள்.
நான் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில்.
பயணக் களைப்பு எப்படி என்று
லித்துவேனியக் கவிஞர் ரூதா என்னிடமும் கேட்டார்.
மருதானைப் பாலம் கொஞ்சம் படுத்திவிட்டது என்றேன்.
அது எந்த நாட்டில் என்று கேட்டுக்
குறிப்பேட்டைத் திறந்தார்.

வரவேற்பு மேசையில் ஷெஹானி
ஒரு படிவம் நீட்டினாள்.
முழுப்பெயர்.
நிரந்தர முகவரி.
கொழும்புக்கு வந்த காரணம்.
எத்தனை நாள் தங்குவீர்கள்.

பேனா மூன்றாவது கோட்டில் நின்றது.

தொண்ணூற்றேழில், செட்டியார் தெருவுக்குப் பின்னால் ஒரு லொட்ஜ்,
மூன்று பேருக்கு ஒன்றரைக் கட்டில்.
சிங்களத்தில் அச்சிட்ட தாளை மனேஜர் வாசித்துக் காட்ட
அப்பா சொல்லச் சொல்ல நிரம்பியது.
இதே கேள்விகள், இதே வரிசை.
தாளோடு பொலிசுக்குப் போய் வந்தார்.
வந்த காரணம்: கண் ஒப்பரேஷன்.
அப்பாவுக்கு அப்போது
தூரத்து பஸ்ஸின் இலக்கமும் தெரியும்.

கோட்டின் மேல் 'கவிதை' என்று எழுதினேன்.
ஷெஹானி அதை வாசிக்கக்கூட இல்லை.
திறப்பைத் தந்து
காலைச் சாப்பாடு ஏழரைக்கு என்றாள்.

செவ்வாய்க்கிழமை விறாந்தையில் வேலை.
நைரோபிப் பதிப்பாசிரியர் வன்ஜிரு
பெயரடைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார்,
கோழிக்கு இறகு பிடுங்குவது போல, கதைத்தபடியே.
ரூதாவின் ஒரு வரி:
பனி விழுந்த காலையில்
வீடுகள் தம் இலக்கங்களை மறக்கின்றன.
எங்கள் பனி எட்டு மணிக்கு முன் எழும்பிப் போய்விடும்,
ஒரு வீட்டு இலக்கத்தையும் மூடியதில்லை என்றேன்.
அப்படியானால் உங்கள் ஊரில்
எது மூடும் என்று கேட்டார்.
எனக்கு உடனே பதில் வந்தது. சொல்லவில்லை.
தேநீர் ஊற்றினேன்.

எதிர்க் கதிரையில் உபேக்ஷா.
பதின்மூன்று வருடமாகச் சிங்களத்தில் ஓர் இதழ் நடத்துகிறாள்.
நான் தமிழில் பதினொன்று.
மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தோம்,
பஞ்சிகாவத்தையில் ஒரே அச்சகம்,
அவளுக்குத் திங்கள், எனக்கு வியாழன்.
வெட்டு இயந்திரத்தின் பல் உடைந்த இடத்தில்
அவளுடைய இதழின் வலது மூலையிலும்
அதே பிசிறு.
இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம்.
இருவரும் அச்சகக்காரரைத் திட்டினோம்,
ஆங்கிலத்தில்.

அந்தப் படிவத்தை நான் கவிதையாக்கினேன்.
உபேக்ஷா அதைச் சிங்களத்துக்குக் கொண்டுபோகிறாள்.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி:
எந்தக் கண்? வாசகர் கேட்பார்.

நல்ல பதிப்பாசிரியர் கேட்கும் கேள்வி.
நானும் கேட்டிருப்பேன்.
இரவு ஸ்காபரோவுக்கு அழைத்தேன்.
அங்கே மத்தியானம், பின்னால் பிரஷர் குக்கர் விசில்.
அப்பா சிரித்தார்.
"வலது. பொலிஸ்காரனும் அதைத்தான் கேட்டவன்.
சொன்ன வாய்க்கு ரெண்டு கிழமை
வலது கண்ணைக் கசக்கிக்கொண்டு திரிஞ்சனான்."

காலையில் உபேக்ஷாவிடம் சொன்னேன்,
அவர் சொன்னதை அப்படியே,
பொலிஸ்காரனையும் சேர்த்து.
அவள் பாண் துண்டைத் தட்டில் வைத்தாள்.
மேலே மின்விசிறி, கடலோரம் காலி வண்டியின் ஊதல் மெல்லியதாய்.
தன் கேள்வியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு மேசை முழுக்க
அழிறப்பரைத் தேடத் தொடங்கினாள்,
தாள்களுக்குக் கீழே, ஜாம் போத்தலுக்குப் பின்னால்.

அது என் சட்டைப்பைக்குள் இருந்தது.